ஆவணமும் ஆதனமும்

‘ஆவணம்’ என்னும் சொல் தமிழிலே இரு பெரும் பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. ஒன்று கடைத்தெரு, மற்றொன்று உரிமைச் சாசனம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிலே காவிரிப்பூம்பட்டினத்தின் அகன்ற கடைவீதியை ஆவணம் என்பர். சேக்கிழார் தடுத்தாட்கொண்ட புராணத்திலே, சுந்தரரை அடிமை கொள்ள வந்த முதியவர் கையிலிருந்த ஓலையையும் ஆவணம் என்பர். முன்னது வடமொழி ‘ஆபண’ என்பதன் வழிவந்தது, பின்னது வேறு சொல் என்று அகராதியார் பிரித்துக் காட்டுவர். பிறப்பு வேறாயினும் உருவம் ஒன்றாய் அமைந்தமை, வாணிக நிலத்தைப் பற்றி எண்ணப்புகும் எவர்க்கும் நல்லதொரு நினைவூட்டலாகும். கடை ஒன்றின் மதிப்பிலே பாதி அதன் முன்னே கிடக்கும் தெருவில் உள்ளது. மறுபாதி பெட்டிக்குள்ளே கிடக்கும் சாசனத்தில் உள்ளது.

நம் நாட்டுச் சட்டத் தமிழிலே நிலம், கட்டிடம் முதலிய உடைமைகளை ‘ஆதனம்’ என்பது வழக்கு. உழுது விளைவிக்கும் வயலும் ஆதனமே; குடியிருக்கும் வளவும் ஆதனமே. இவற்றின் வேறாய், தொழில் நடத்துதற்கோ, தொழில் நடத்துவோர்க்கு வாடகைக்கு விடுதற்கோ அமைந்த நிலத்தையும் கட்டிடத்தையும் வாணிக ஆதனம் எனலாம். இதனைப் பற்றி ஒரு தமிழாசிரியன் எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகலாம். முப்பது ஆண்டுகள் கற்பித்து ஓய்வுபெறும் ஆசிரியரின் கையிலே, பணிக்கொடையாக ஒரு தொகை வாழ்நாளில் ஒருமுறை வந்து சேருகின்றது. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள நம் ஊர்களிலே அத்தொகை பெரும்பாலும் சென்று அடங்கும் இடங்கள் இரண்டு: ஒன்று மகளின் வீடு, மற்றொன்று ஒரு கடையறை. வீடு எத்தகையது என்பதை நாம் அறிவோம். கடையறை எத்தகையது என்பதை ஆராயாது பணத்தைக் கொடுப்பவர் பலர். ஆதலின் இப்பொருள் நம்மவர்க்குப் புறம்பானதன்று.

நாளங்காடியும் அல்லங்காடியும்

வாணிக ஆதனங்களுள் முதலாவது கடை. மதுரைக்காஞ்சி பகற்பொழுதின் நாளங்காடியையும் மாலைப்பொழுதின் அல்லங்காடியையும் வேறுவேறாகக் காட்டுகின்றது. சிலப்பதிகாரம் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே, மரச்சோலை நிழலிலே கூடிய நாளங்காடியை வருணிக்கின்றது. மரநிழலே கூரையாகக் கொண்ட அங்காடிக்கு அத்துணைச் சிறப்பு எங்கிருந்து வந்தது? இரு பாக்கத்து மக்களும் வந்து கூடும் நடுவிடம் அது. கடையின் விலை சுவரிலும் கூரையிலும் பிறப்பதில்லை. வந்துபோகும் காலடிகளிலே பிறக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

நம் கரையோரத்தின் நில அமைப்பு இவ்வுண்மையை இன்னும் கூர்மையாக்கியுள்ளது. கிழக்கே கடல், மேற்கே வயல்வட்டைகளும் நீர்நிலைகளும், இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பாங்கான நிலம். அதன் நடுவே, கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் பிரதான வீதி ஓடுகின்றது. அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை ஆகிய ஊர்கள் ஒரு நூலிற் கோத்த மணிகளைப் போல இவ்வீதியிலே அமைந்துள்ளன. ஊர்கள் பலவாயினும் வீதி ஒன்றே ஆதலின், வீதியைப் பார்த்த ஒரு பேர்ச் நிலமும், அதே வளவின் பின்புறத்து ஒரு பேர்ச் நிலமும் விலையால் ஒவ்வா. நூறு அடி உள்ளே சென்றாற்கூட மதிப்பு மாறிவிடுகின்றது.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல் பொங்கி எழுந்தபோது கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகள் பட்ட அழிவை நாம் மறந்திலோம். அதன்பின் கிழக்கிலே கரையிலிருந்து 200 மீற்றர் வரை கட்டிடம் எழுப்பலாகாது என்று முதலில் விதிக்கப்பட்டது. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. ஆயினும் அச்சமும் ஆணையும் சேர்ந்து மக்களின் கண்ணை வீதியை நோக்கியும் வயலை நோக்கியும் திருப்பின. இருந்த ஒடுங்கிய நிலம் மேலும் ஒடுங்கியது போலாயிற்று.

கடையிலும் வகைகள் உண்டு. வீதியோரத்துத் தனிக்கடை ஒன்று. முன்புறம் கடையாகவும் பின்புறமோ மேல்மாடியோ வீடாகவும் அமைந்த கடைவீடு மற்றொன்று. நகரசபையோ பிரதேச சபையோ அமைத்துக் குத்தகைக்கு விடும் பொதுச்சந்தைக் கடை மூன்றாவது. பல மாடிகளில் பல அறைகளாக எழும் கடைத்தொகுதி நான்காவது. இவற்றுள் தனிக்கடையின் பலம் அதன் முகப்பு. கடைவீட்டின் பலம், வாணிகம் தளர்ந்தாலும் குடியிருக்க இடமாகும் என்பது. சந்தைக் கடையின் பலம் கூட்டம்; ஆனால் அங்கே நிலம் சபைக்குரியது, கடைக்காரர்க்கு உள்ளது குத்தகைக் காலத்தின் உரிமையே.

கடைத்தொகுதியைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். நோன்புப் பெருநாளை அண்டிய இரவுகளிலே நம் புடைவைக் கடைகள் நள்ளிரவு வரை ஒளிவீசி நிற்கக் காண்கிறோம். அவை நம் காலத்து அல்லங்காடிகள். அந்நாள்களிலும் கீழ்த்தளத்துக் கடையில் இடம் இல்லாதபோது, மேல்மாடிக் கடையில் இருவர் மூவரே இருப்பர். வாங்க வருபவர் படியேறத் தயங்குவர். கைக்குழந்தையோடு வரும் தாய்மாரும் முதியோரும் ஏறவே மாட்டார். படியேறி வருவதற்குக் காரணம் உள்ள தொழிலே மேல்மாடிக்கு ஏற்றது. பல் வைத்தியரிடம் நோயாளி ஏறி வருவார். தனியார் கல்வி நிலையத்துக்கு மாணவர் ஏறி வருவர். சட்டத்தரணியைத் தேடி வழக்காளி ஏறி வருவார். சோப்பும் சீனியும் வாங்க எவரும் ஏறி வாரார். கீழ்த்தளத்து வாடகையை மனத்திற் கொண்டு மேல்தளத்தை விலைபேசுவோர் இந்த வேறுபாட்டை எண்ணுவதில்லை.

கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்த்தபோது கண்ட வீதிகளை இளங்கோவடிகள் வகைப்படுத்திக் காட்டுவர். இரத்தினக் கடைவீதி வேறு, பொற்கடை வீதி வேறு, அறுவைக் கடைவீதி வேறு, கூலக் கடைவீதி வேறு. கொழும்புப் புறக்கோட்டைக்குச் சென்றவர் இன்றும் இதனைக் காணலாம். செட்டியார் தெருவிலே பொன். கெய்சர் வீதியிலே புடைவை. நான்காம் குறுக்குத் தெருவிலே வெங்காயமும் பருப்பும் சீனியும். ஒரே தொழிலார் அருகருகே கடை வைத்தால் ஒருவரையொருவர் கெடுப்பர் என்று தோன்றும். உண்மை வேறு. பொன் வாங்க எண்ணியவர் ஐந்து கடைகளை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவர். ஆதலால் ஐந்து கடைகளும் சேர்ந்தே அவரை அத்தெருவுக்கு இழுக்கின்றன. தனியே ஒதுங்கி நிற்கும் ஆறாவது பொற்கடையை அவர் தேடிச் செல்லார். எந்தத் தெருவில் எந்தத் தொழில் வேரூன்றியுள்ளது என்பதை அறியாது அறை வாங்குதல், பருவம் அறியாது விதைத்தலை ஒக்கும்.

கிட்டங்கி

இரண்டாவது வகை பண்டகசாலை. நற்பிட்டிமுனையைக் கடந்து மேற்கே செல்லும் வழியிலே கிட்டங்கி என்றோர் இடம் உண்டு. கிட்டங்கி என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருள் பண்டசாலை என்பதே. மாரிக்காலத்திலே அவ்விடத்துத் தாம்போதியின் மேல் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்துத் தடைப்படுவதை நம்மவர் அறிவர். பண்டகசாலைக்குரிய சொல்லைப் பெயராகக் கொண்ட இடம் வழியை மறித்து நிற்பது, அவ்வகை ஆதனத்தின் இலக்கணத்தையே நமக்குக் கற்பிக்கின்றது. பண்டகசாலைக்கு முகப்பு வேண்டா, அழகு வேண்டா, கூட்டம் வேண்டா. வேண்டுவன மூன்றே: உயர்ந்த நிலம், உலர்ந்த தரை, எக்காலத்தும் லொறி வந்து திரும்பக்கூடிய பாதை.

பட்டினப்பாலை காட்டும் துறைமுகத்திலே, இறங்கிய பொருளும் ஏறுகின்ற பொருளும் சோழரின் புலிப்பொறி இடப்பெற்று முற்றத்தில் மலைபோற் குவிந்து கிடக்கின்றன. அக்குவியல் நெடுநாள் தங்குவதற்கன்று, ஏறி இறங்குவதற்கு. பண்டகசாலையின் பயன் பொருளைத் தேக்கி வைப்பதிலும் பார்க்க அதனைக் காலம் அறிந்து வெளியேற்றுவதிலேயே உள்ளது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டு, இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனாநாயக்க சமுத்திரத்து நீர் பாயத் தொடங்கியபின் அம்பாறை மாவட்டம் நெல்லின் களஞ்சியமாயிற்று. அறுவடைக் காலத்திலே நெல் ஒருங்கே வந்து குவிகின்றது, விலை வீழ்கின்றது. களஞ்சியம் உடையவர் சில திங்கள் காத்திருந்து விற்கிறார். இல்லாதவர் களத்திலேயே விற்கிறார். சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் அரிசி ஆலைக்காரர் தம் ஆலையோடு களஞ்சியத்தையும் சேர்த்துக் கட்டுவதன் காரணம் இதுவே.

ஆலை மூன்றாவது வகையாகிய தொழிற்சாலை ஆதனத்தைச் சார்ந்தது. மருதமுனையின் கைத்தறிக் கூடம், நெல்லாலை, மரக்காலை என்பன நம்மிடையே உள்ள எடுத்துக்காட்டுகள். பெரிய அளவிலே காணவேண்டின், 1978இல் தொடங்கிய கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தைக் குறிப்பிடலாம். தொழிற்சாலைக் கட்டிடம் ஒரு தொழிலுக்கென்றே வகுக்கப்படுவதால், அத்தொழில் நின்றால் வேறொருவர்க்கு எளிதில் உதவாது. கடையறை ஒன்றிலே இன்று புத்தகம் விற்கலாம், நாளை மருந்து விற்கலாம். நெல்லாலையிலே பள்ளிக்கூடம் நடத்த இயலாது. வாடகை கூடுதலாகக் கிடைக்கும் இடத்திலே, வாடகைக்காரர் போய்விடின் வெறுமை நீடிக்கும் இடரும் கூடுதலாகவே இருக்கும்.

பண்டகசாலைக்கும் ஆலைக்கும் பெருநிலம் தேவை. வீதியோரத்தில் அது கிடையாது. ஆதலால் வயலை மண்ணிட்டு நிரப்பும் ஆசை எழுகின்றது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், உரிய எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்புதலைத் தடைசெய்கின்றது. நிரப்பிய காணியை மலிவாகக் கிடைக்கின்றதென வாங்குபவர், சட்டத்தின் தடையையும் சேர்த்தே வாங்குகிறார். அதற்கும் மேலாக, வெள்ளம் செல்லும் வழியை அடைத்து எழுந்த கட்டிடத்துக்கு நீர் எந்நாளும் கடன்காரனாக வந்து நிற்கும்.

எழுத்துச்சாலையும் விருந்தினர் விடுதியும்

நான்காவது வகை அலுவலகம். கொழும்புக் கோட்டையிலே 1997இல் திறக்கப்பட்ட உலக வர்த்தக மையத்தின் 40 மாடி இரட்டைக் கோபுரங்கள் இவ்வகைக்கு நாடறிந்த சான்று. அங்கே வாடகைக்காரர் நிறுவனங்கள்; குத்தகை ஆண்டுக்கணக்கில் ஓடும்; உயர்மாடிக்கு மதிப்புக் குறைவதில்லை. கல்முனையிலே வங்கிக் கிளைகளும் காப்புறுதி நிறுவனங்களும் இவ்வகை வாடகைக்காரர். கடைக்காரர் பெருநாள் வாணிகம் தளர்ந்தால் வாடகையைத் தாமதிப்பார். நிறுவனம் பெரும்பாலும் திங்கள் தவறாது செலுத்தும். ஆனால் அது கேட்கும் மின்சார வசதியும், வாகனம் நிறுத்தும் இடமும், தீயணைப்புக் கருவியும் சிறு கட்டிடத்தார்க்கு எளிதாவதில்லை.

ஐந்தாவது விடுதி. பொத்துவிலை அடுத்த அறுகம்பையிலே அலைச்சறுக்கு விளையாட வெளிநாட்டார் வரும் பருவத்தில் சிறு குடிலுக்கும் இடம் கிடைப்பதரிது. பருவம் மாறிக் கடல் கொந்தளிக்கும் திங்கள்களில் பெரு விடுதியும் வெறிச்சோடும். ஆகவே விடுதியின் வருவாயைப் பருவத்து ஒரு திங்களைக் கொண்டு கணித்து அதனைப் பன்னிரண்டால் பெருக்குதல் பெரும் பிழை.

பேராதனங்களுக்கும் இதே நியதி பொருந்தும் என்பதற்கு நம் ஒலுவிலே சான்று. 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் வாயிலை மணல் வந்து அடைத்தது. வடக்கே கரை அரிப்புண்டது. மீனவர் தோணியிறக்கும் கரையை இழந்தனர். கட்டிடமும் மேடையும் உண்டு. வரவேண்டிய கலங்கள் வாராதபோது அவற்றின் பயன் யாது? கலம் வாராத துறைமுகமும் காலடி படாத கடையறையும் ஓரினத்தவை.

உரிமையால் வரும் வேறுபாடு

இதுவரை கூறியன தெருவின்பாற்பட்டவை. இனிச் சாசனத்தின்பாற் செல்வோம். தோற்றத்தால் ஒன்றாயிருக்கும் இரு கடைகள் உரிமையால் முற்றிலும் வேறாக இருத்தல் கூடும்.

நம் கரையோரத்து இஸ்லாமியரிடையிலும் தமிழரிடையிலும் மகளின் திருமணத்தின்போது வீட்டை அவள் பெயருக்கு எழுதிவைத்தல் நெடுங்கால வழக்கம். வீதியோரத்து வீட்டின் முன்னறை கடையாக மாறும்போது, வாடகை பேசுபவர் கணவராகவோ தமையனாராகவோ இருப்பர். உறுதியிலுள்ள பெயரோ பெண்ணின் பெயர். அவர் கையொப்பமின்றி எழுதிய குத்தகை காற்றில் எழுதியதே. வாடகைக்கு வருபவர் முதலிற் கேட்கவேண்டிய வினா, “இக்கடை யார் பெயரில் உள்ளது?” என்பது.

பங்குரிமை அடுத்தது. 10 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள கடையொன்றை உடைய ஒருவர், மனைவியையும் இரு புதல்வரையும் மூன்று புதல்வியரையும் விட்டு இறந்தார் என்று கொள்வோம். இஸ்லாமிய மரபுரிமைக் கணக்கின்படி மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சிய எட்டில் ஏழிலே புதல்வர் ஒவ்வொருவர்க்கும் எட்டில் இரண்டு, புதல்வியர் ஒவ்வொருவர்க்கும் எட்டில் ஒன்று. கணக்குப் பிழையின்றி முடிகின்றது. ஆனால் 200 சதுர அடியில் எட்டில் ஒன்று 25 சதுர அடி. அதிலே ஒரு மேசையும் நாற்காலியும் இடலாம், கடை நடத்த இயலாது. ஆறு பேரும் ஒருமித்து ஒருவர்க்கு எழுதிக் கொடுத்தல் நன்று; அன்றேல் ஆறு பேரும் சேர்ந்து வாடகையைப் பகிர்தல் நன்று. இரண்டும் கைகூடாதவிடத்து, 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் செல்லவேண்டும். பிரிக்க இயலாத நிலத்தை விற்றுப் பணத்தைப் பகிருமாறு மன்றம் கட்டளையிடலாம். அதற்குள் ஆண்டுகள் கழியும், கூரை ஒழுகும், எவரும் திருத்தார். நம் கடைத்தெருக்களிலே பூட்டிக்கிடக்கும் பழங்கடைகளைக் காணும்போது, உள்ளே வாணிகம் இல்லை என்று எண்ணுகிறோம். பல இடங்களிலே உள்ளே இல்லாதது உடன்பாடு.

வக்பு நிலம் மூன்றாவது. அறநோக்குடன் பள்ளிவாசலுக்கு ஒப்படைக்கப்பட்ட நிலத்திலும் கடைகள் உண்டு. நிலம் நிலைத்திருக்க, அதன் பயனை மட்டும் அறத்துக்குச் செலவிடுவது வக்பின் உயிர்நிலை. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் பள்ளிவாசல்களையும் வக்பு ஆதனங்களையும் ஒழுங்குபடுத்துகின்றது. இத்தகைய கடையில் குடிகொண்டோர், பாட்டன் காலத்து வாடகையையே பேரன் காலத்திலும் செலுத்த விழைவதுண்டு. பக்கத்துக் கடையின் வாடகை பன்மடங்காயினும் அறக்கடையின் வாடகை அசைவதில்லை. அவ்வாறு மிச்சப்படும் பணம், அநாதைப் பிள்ளையின் புத்தகத்துக்கும் ஏழையின் மருந்துக்கும் சேரவேண்டியது என்பதை வாடகைக்காரரும் நம்பிக்கைப் பொறுப்பாளரும் நெஞ்சில் இருத்தல் வேண்டும்.

நான்காவது, அரசின் அனுமதிப்பத்திரத்தால் வந்த காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேற்றங்களிலே பகிர்ந்தளிக்கப்பட்ட நிலங்கள் இத்தகையன. உழுதற்கும் குடியிருத்தற்கும் தந்த நிலத்தின் சந்தியோரத்திலே கடை எழுந்துவிடின் அது வாணிக ஆதனம்போலத் தோன்றும். ஆயினும் அதனை உடையவர் தம் விருப்பப்படி விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. வெறும் தாளில் எழுதிக் கைமாற்றிய அத்தகைய கடைக்கு வங்கி கடன் தாராது; வாரிசு வந்து வினவினால் வாங்கியவர்க்கு விடையும் இராது.

மூல ஓலை

என்னோடு பல்லாண்டு கற்பித்த நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆண்டிலே மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் ஓர் அறையை வாங்கினார். கணிதத்திலே வல்லவர், வாழ்நாளில் ஒரு சதத்தையும் வீணாக்காதவர். அறையின் நீள அகலத்தைத் தாமே அளந்து பார்த்தார். உறுதியும் எழுதப்பட்டது, ஒப்பமும் இடப்பட்டது. நான்கு ஆண்டுகளின் பின் மகளின் திருமணத்துக்கு அவ்வறையை விற்கப் புகுந்தபோதுதான், அவ்வுறுதி கட்டிடம் நிற்கும் நிலத்திலே பிரிக்கப்படாத ஒரு சிறு பங்கை மட்டுமே அவர்க்கு அளித்திருந்தமை தெரியவந்தது. இரண்டாம் மாடியின் ஐந்தாம் அறை என்றொன்று சட்டத்தின் கண்ணுக்கு இருந்ததேயில்லை. மாடி மாடியாக, அறை அறையாக உரிமை வழங்குவதற்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க அடுக்குமாடி உடைமைச் சட்டத்தின்படி கூட்டாதன வரைபடம் பதியப்பட்டிருத்தல் வேண்டும். அக்கட்டிடத்துக்கு அது இல்லை. வாங்க வந்தவர்களின் சட்டத்தரணிகள் ஒருவர்பின் ஒருவராகத் தலையசைத்துச் சென்றனர். நண்பர் திருமணத்தைக் கடன்பட்டு நடத்தினார். அறையின் சாவி இன்றும் அவர் வீட்டுச் சுவரிலே தொங்குகின்றது.

தடுத்தாட்கொண்ட புராணத்தைப் பாடம் சொல்லும்போதெல்லாம், பக்திச்சுவையோடு அதிலுள்ள வழக்காராய்ச்சியையும் மாணவர்க்குக் காட்டுவது என் வழக்கம். முதியவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலை வேறாக உண்டு என்கிறார் முதியவர். அவையத்தார் மூல ஓலையை வாங்கிப் பார்க்கின்றனர். எழுதியவர் யார் என்று நோக்குகின்றனர். சுந்தரரின் பாட்டனாருடைய கையெழுத்தை அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிடுகின்றனர். அதன் பின்னரே தீர்ப்புரைக்கின்றனர். ஏறத்தாழ எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு புலவர் பாடிய இம்முறையே, இன்று காணி வாங்குவோர் கைக்கொள்ளவேண்டிய முறையுமாகும்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, நிலத்தை விற்றலும் ஈடுவைத்தலும், ஒரு திங்களுக்கு மேற்பட்ட குத்தகையும் நொத்தாரிசின் முன்னும் இரு சாட்சிகளின் முன்னும் எழுதப்படல் வேண்டும். எழுதினால் மட்டும் போதாது, பதியவும் வேண்டும். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, முந்தி எழுதிப் பதியாதிருந்தவரை, பிந்தி விலைகொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவர் வென்றுவிடுதல் கூடும். நொத்தாரிசு உறுதியின் இரட்டைப் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புதல் விதி. ஆதலால் கடல் கொண்டுபோன உறுதிக்கும் அங்கிருந்து அத்தாட்சிப் பிரதி பெற வழி உண்டு. நம் காலத்து மூல ஓலை அங்கேதான் உள்ளது. விற்பவர் காட்டும் பிரதியைக் கண்டு மகிழ்பவர், படியோலையைக் கண்டு மகிழ்பவரே.

வாடகைக்கு இருப்போர்க்கும் சட்டத்தின் காவல் உண்டு. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வீடுகளைப் பற்றி மட்டுமன்றி வாணிக இடங்களைப் பற்றியும் பேசுகின்றது. அதிலிருந்து விலக்களிக்கப்பட்ட இடங்களும் உண்டு. ஆகவே குடிகொண்டவரோடு சேர்த்து ஒரு கடையை வாங்குபவர், அவர் எந்தச் சட்டத்தின் காவலில் இருக்கிறார் என்பதை அறிந்தே வாங்கவேண்டும். “அடுத்த திங்கள் எழுப்பிவிடலாம்” என்னும் விற்பவரின் வாய்மொழியை நம்பி வாங்கியோர் நீதிமன்றப் படிகளை எண்ணிக்கொண்டிருக்கின்றனர்.

வருவாய்க் கணக்கு

தெருவும் சாசனமும் செவ்வையாக அமைந்த பின்னரும் கணக்கு ஒன்று எஞ்சியுள்ளது. ஒரு கடையறையின் விலை 60 இலட்சம் ரூபா, திங்கள் வாடகை 25,000 ரூபா என்று கொள்வோம். ஆண்டுக்கு 3 இலட்சம். அஃதாவது நூற்றுக்கு ஐந்து. விற்பவர் இவ்வளவே கூறி நிறுத்திக்கொள்வார். ஆண்டிலே இரு திங்கள் அறை வெறுமையாய்க் கிடந்தால் 50,000 குறையும். சோலைவரிக்கும் திருத்த வேலைக்கும் 40,000 போனால் எஞ்சுவது 2,10,000. இப்போது நூற்றுக்கு மூன்றரை. வங்கியின் நிலையான வைப்புக்குக் கிடைக்கும் வட்டியோடு அன்றைய நிலையில் இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். நிலத்தின் விலை ஏறும் என்பது உண்மையாகலாம். ஆனால் ஏறுவது நிலம், தேய்வது கட்டிடம். பிரிக்கப்படாத சிறு பங்கின் மேல் நிற்கும் மாடியறையிலே ஏறுதற்குரிய பகுதி சிறிது. தேய்தற்குரிய பகுதி பெரிது.

ஆதலால் வாணிக ஆதனத்தை நாடுவோர் கேட்கவேண்டிய வினாக்கள் சில. இது எவ்வகை ஆதனம்? அவ்வகைக்கு மதிப்பைத் தருவது காலடியா, பாதையா, பருவமா, நிறுவனமா? அது இவ்விடத்தில் உண்டா? உரிமை முழுமையா, பங்கா, குத்தகையா, அனுமதியா, அறமா? உறுதி பதியப்பட்டுள்ளதா? அதற்கு முந்திய உறுதிகள் தொடர் அறாது வருகின்றனவா? செலவெல்லாம் நீக்கிய பின் வருவாய் யாது? இவற்றுள் எதற்கேனும் விடை தாராது, “வேறொருவர் முற்பணத்தோடு காத்திருக்கிறார், இன்றே முடிக்கவேண்டும்” என்று ஒருவர் அவசரப்படுத்தினால், அவர் அவசரத்தின் காரணத்தை ஆராய்தல் நன்று.

இறுதியாக ஆசிரியப் பெருமக்களிடத்து ஒரு வேண்டுகோள். நம் மாணவர் பதினோராண்டு தமிழ் பயின்றும், தம் தாயாரின் பெயரிலுள்ள ஒரு காணி உறுதியைப் படித்துப் பொருள்கொள்ள இயலாது வெளியேறுகின்றனர். நான்கு எல்லைகளைக் கூறும் ஒரு நெடுவாக்கியம் அவர்க்குப் புரிவதில்லை. அறுதி, ஈடு, நன்கொடை, ஆட்சியுரிமை என்ற சொற்கள் அவர்க்கு அயல்மொழிபோல் ஒலிக்கின்றன. கடிதமும் விண்ணப்பமும் எழுதக் கற்பிக்கும் வகுப்பிலே, பெயரும் இடமும் மாற்றிய ஓர் உறுதியையும் ஒருநாள் வாசித்துக் காட்டினால் என்ன? பெயரெச்சமும் வேற்றுமையும் எங்கே நின்று யாருடைய உரிமையைக் காக்கின்றன, நாலாம் வேற்றுமையின் ‘கு’ ஒன்று இடம் மாறினால் எவருடைய கடை எவர்க்குப் போகின்றது என்பதை அவ்வாசிப்பு காட்டும். ஆவணம் என்ற சொல்லின் ஒரு பொருளை நம் ஊரார் நன்கு அறிவர்; கல்முனைத் தெருவிலே வாணிகம் அவர்க்குக் கைவந்த கலை. அதன் மற்றைப் பொருளை அவர்தம் பிள்ளைகளுக்கு உணர்த்துவது தமிழ் வகுப்பின் கடமை. வரும் தவணையிலேயே அதனைத் தொடங்குவோமாக.